பதினேழாம் தேதி ஓடிய ராட்டினம்

அத்தியாயம் 6

கம்பெனிக்காரன் கொடுக்கிற காகிதத்தை நான் நம்ப மாட்டேன். சர்க்கார் கொடுக்கிற காகிதத்தை அதைவிட நம்ப மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து முத்திரை குத்திய காகிதம் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

அந்த முறை மட்டும் போகவில்லை. ஏனென்றால் கொடுத்தவர் என் பழைய சிநேகிதர் சுந்தரராஜன்.

லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடைக்குப் பின்னால் ஒரு அறை. கொட்டை அரைக்கிற மிஷின் நின்றால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். அதுதான் என் ஆபீஸ். ரயில்வே காவல் படையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ஊரார் தொலைத்ததைத் தேடிக் கொடுக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு போகிற மாதிரி. எண்கள் தெரியும்.

இங்கிலீஷுக்கும் வங்காளிக்கும் நாகலட்சுமி. டெலிபோன் ஆபீசில் பதினைந்து வருஷம் இருந்தவள். ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்டுக் கேட்டு வாய் கூர்மையாகிவிட்டது. பிறந்தது பவானிப்பூரில். ஆனாலும் அவள் அப்பா கற்றுக்கொடுத்த திருநெல்வேலி 'அண்ணாச்சி' மட்டும் நாக்கில் நின்றுவிட்டது.

எதிரே ஸ்டூலில் அருக்காணி உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் பரமசிவம் ராட்டின மெக்கானிக். ஒரு வாரமாக லாக்கப்பில் இருந்தான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டுங்கண்ணா. ஜாமீன் என்னாச்சுங்க? நீங்கதானே பேப்பர் கொண்டுபோய் அவருகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தீங்க?"

"வாங்கி சுந்தரராஜன் சார் கையிலேயே கொடுத்துட்டேன். அவரு பாத்துக்குவாரு. நீ பயப்படாத."

அப்படித்தான் சொன்னேன். அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஜாதவ்பூரைத் தாண்டி ஒரு திடலில் கேளிக்கைப் பூங்கா போட்டார்கள். நிலம் சர்க்கார் இலாகாவுடையது. செலவு சுந்தரராஜன் வேலை பார்க்கிற பிஸ்கட் கம்பெனியுடையது. நவம்பர் முதல் தேதி, காளி பூஜைக்கு மூன்று நாள் முன்னால், மந்திரி வந்து திறந்தார். கூடவே வாண வேடிக்கைத் திருவிழா. சிவகாசியிலிருந்து லாரியில் சரக்கு. கடைசியில் மூங்கில் சட்டத்தில் பிஸ்கட் பெயர் நெருப்பு எழுத்தில் எரிய வேண்டும். எரிந்தது. எழுத்து எரிந்த அதே நிமிஷம் ராட்டினத்தின் ஒரு தொட்டில், மாட்டியிருந்த பின் கழன்று, கீழே வந்தது. உள்ளே ஒரு பள்ளிக்கூட டீச்சர். வெடிச் சத்தத்தில் அவள் அலறியது கேட்கவில்லை. ஜனங்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரமசிவம் பிரேக் கம்பியை வெறும் கையால் இழுத்துப் பிடித்து ராட்டினத்தை நிறுத்தினான். மற்றத் தொட்டில்களில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவன் வலது உள்ளங்கை உரிந்து போயிற்று. டீச்சருக்கு இடுப்பெலும்பு போயிற்று. போலீஸ் பரமசிவத்தைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

"சரி, படி," என்றேன்.

சுந்தரராஜன் கொடுத்த கட்டிலிருந்து நாகலட்சுமி ஒரு ஜெராக்ஸ் தாளை உருவினாள். "இதுதான் அவங்க பிரம்மாஸ்திரம், அண்ணாச்சி. சோதனை ஓட்டச் சர்டிபிகேட். பதினாறு தொட்டில்லயும் மணல் மூட்டை வச்சு நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்தோம், ஒரு குறையும் இல்ல. இனிமே பின்னு, போல்ட்டு எல்லாத்துக்கும் மெக்கானிக்கே பொறுப்பு. கீழ சர்க்கார் இன்ஜினியர் கையெழுத்து. பக்கத்துல நம்ம பரமசிவம். அடேயப்பா, இது கையெழுத்தா, மரவட்டை ஊர்ந்த தடமா?"

அருக்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. "கிண்டல் பண்ணாதீங்கக்கா. எங்க ஊர்ல கடைக்குப் போர்டு எழுதறதுக்கே அவரைத்தான் கூப்புடுவாங்க."

பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓட்டவே இல்லைங்கறாருங்கண்ணா. தொட்டில் வந்ததே திறக்கறதுக்கு முந்தின வாரம். பத்து நாள் டைம் கேட்டிருக்காரு. மந்திரி தேதியை மாத்த முடியாதுன்னுட்டாங்களாம்."

"அவரு வாயில சொல்றாரு. இவங்க காகிதத்துல சொல்றாங்க," என்றாள் நாகலட்சுமி. "கோர்ட்டுக்கு வாயி கேக்காது, காகிதம் கேக்கும். சோதனை பண்ணுன தேதி கூடப் போட்டிருக்கு. பதினேழு, ஒம்பது, எண்பத்து மூணு."

"என்ன தேதி?"

"பதினேழு செப்டம்பர்."

நான் எழுந்து சட்டையை மாட்டினேன்.

"நாகு, நீ இந்த ஊர்ல பொறந்தவ. பதினேழு செப்டம்பர் வங்காளத்துல எந்தப் பட்டறையாவது ஓடுமா?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "விஸ்வகர்மா பூஜை!"

துர்கா பூஜை தேதி மாறும். காளி பூஜை மாறும். விஸ்வகர்மா பூஜை மட்டும் வருஷா வருஷம் பதினேழிலேயே வந்து நிற்கும். அன்றைக்கு ரிக்‌ஷாக்காரன் முதல் ரயில்வே ஷெட் வரைக்கும் கருவிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு உட்கார்த்திவிடுவான். ஸ்பானரைத் தொடுகிற மெக்கானிக்கை மற்றவன் தொட விடமாட்டான். எல்லாரும் மாடியில் நின்று பட்டம் விடுவார்கள். கரக்பூர் ஷெட்டில் முப்பது பூஜை பார்த்திருக்கிறேன். அந்த நாளில் நாலு மணி நேரம் ராட்டினம் ஓட்டினானாம், அதுவும் மணல் மூட்டை சுமந்து!

"எவனோ ஆபீஸ்ல உக்காந்து எழுதினது," என்றேன். "அந்த சர்க்கார் இன்ஜினியர் பய. சுந்தரராஜன் சாரையும் சேத்து ஏமாத்திட்டான்."

நாகலட்சுமி தாளை மடித்தாள். "சாரை ஏமாத்திட்டான்னு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம்டி. டிரங்க் பெட்டியோட ஹௌராவுல வந்து நின்ன ஆளுக்கு ரூம் பாத்துக் கொடுத்தவன் நான். தாய்மாமன் வர முடியலன்னு அவரு மக பாப்பாவுக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்தினாங்க."

"காதுதான குத்துனாரு. சரி," என்றாள்.

அந்தப் பேச்சுக்கு அவளை முறைத்தேன். முறைக்கத்தான் தெரிந்தது எனக்கு.

மூன்று பேரும் பஸ் பிடித்து ஜாதவ்பூர் போய் இறங்கினோம். பூங்கா வாசலில் பெரிய போர்டு. ஒரு பாதியில் சர்க்கார் முத்திரை, மறு பாதியில் பிஸ்கட் டின். திறந்த அன்றைக்கு இரண்டும் ஒரே அளவில் பளபளத்தன. இப்போது யாரோ ஏணி போட்டு ஏறி சர்க்கார் முத்திரையைச் சாக்கால் மூடியிருந்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி," என்றாள் நாகலட்சுமி. "மாலை போட ரெண்டு கழுத்து நீட்டினாங்க. அடி விழுந்ததும் ஒண்ணை உள்ள இழுத்துக்கிட்டாங்க."

உள்ளே ஆள் இல்லை. ராட்டினம் ஒரு தொட்டில் குறைந்து பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. அதன் அடியில் ஹாரு என்கிற பிட்டர், பரமசிவத்தோடு வேலை பார்த்தவன், கரிந்த மூங்கில் சட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். நெருப்பு எழுத்து எரிந்த சட்டம். ஐம்பது வயது, வாயில் பீடி.

"பந்த் ஆச்சே, தாதா. மூடியாச்சு. போங்க," என்றான் வங்காளியில்.

நாகலட்சுமி அவனுடைய பாஷையிலேயே ஆரம்பித்தாள். அதில் தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. அவன் எந்த ஜில்லா, எத்தனை பிள்ளை, ஹில்ஸா மீன் இந்த வருஷம் எப்படி என்று ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் கேட்டாள். "ஹாருதா, விஸ்வகர்மா பூஜை அன்னைக்கு ராட்டினம் ஓட்டினீங்களாமே?"

அவன் பீடியைத் துப்பினான். "யார் சொன்னது? எந்த மடையன் சொன்னது? பூஜை அன்னைக்கு இரும்பைத் தொட்டா கை அழுகிப் போகும், தீதி! எதை ஓட்ட? சக்கரமே அப்ப நிக்கல. ரெண்டு தூணு, ஆறு ஆரக்கால், அவ்வளவுதான். தொட்டில் எல்லாம் காளி பூஜைக்கு முந்தின வாரந்தான் லாரியில வந்துச்சு. பரமசிவம் சாப் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. பாரம் வச்சுப் பாக்காம ஆள் ஏத்தாதீங்கன்னு."

"யாருகிட்ட சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்ட மானேஜர் சாப்கிட்ட. உங்க மதராசி சாப்."

பிஸ்கட் கம்பெனியில் மதராசி மானேஜர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. கண்ணாடி போடாத மானேஜரை நான் பார்த்ததில்லை. அதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன்.

"இதை நாளைக்குக் கோர்ட்ல வந்து சொல்லுவியா ஹாரு?"

அவன் சட்டத்தைப் பிரிப்பதில் மறுபடி மும்முரமானான். "வீட்டுல அஞ்சு பேர் தாதா. வாயைத் திறந்தா வேலை போச்சுன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு பேரையும் நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

அருக்காணி அவன் எதிரே போய் நின்றாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஹாத்." கை. தன் வலது கையை விரித்துக் காட்டினாள். அவள் புருஷன் கை இழுத்துப் பிடித்த கம்பி அவன் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஹாரு நிமிர்ந்து பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நான் வரமாட்டேன். ஆனா பயப்படாத சாட்சி ஒண்ணு இருக்கு, தீதி. பூஜை அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தோம், சாமியோட. கம்பெனிக்கு ஒரு காப்பி குடுக்கலாம்னு பின்னால எல்லாரும் கையெழுத்துக் கூடப் போட்டோம். கம்பெனியில யாரும் வந்து வாங்கிக்கவே இல்ல. கரியாஹாட்ல, மீன் மார்க்கெட்டுக்கு எதிர்ல, பச்சைக் கதவு ஸ்டுடியோ."

ஸ்டுடியோக்காரர் ஒரு கிழவர். நவம்பர் பிறந்துவிட்டது என்பதற்காகவே தலையில் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். வியர்த்து வழிந்தது. கழற்றவில்லை.

"ஜலதோஷம் பிடிச்சா மருந்து நீ வாங்கித் தருவியா?" என்று என்னைக் கேட்டுவிட்டு டப்பா டப்பாவாகத் தேடினார்.

"இவரு நம்பாம இருக்கறதுல உங்களையே மிஞ்சிருவாரு போல அண்ணாச்சி," என்று காதில் சொன்னாள் நாகலட்சுமி. "வெயிலையே நம்பல."

படம் வந்தது. நடுவில் யானை மேல் விஸ்வகர்மா, மண் சிலை, கையில் பட்டம். சுற்றி ஏழு பேர். பரமசிவம் நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை சிலையின் தோளில் போட்டுக்கொண்டு, என்னமோ சாமி அவனோடு வேலை பார்க்கிற ஆள் மாதிரி. பின்னால் ராட்டினம். அதாவது ராட்டினம் நிற்க வேண்டிய இடம். இரண்டு தூண், ஆறு ஆரக்கால். தொட்டில் ஒன்று கூட இல்லை. இரும்பின் நடுவே ஆகாயம் தெரிந்தது.

"மணல் மூட்டையை ஆகாசத்துலயா வச்சாங்க?" என்றாள் நாகலட்சுமி.

அருக்காணி படத்தைத் திருப்பினாள். பின்னால் ஏழு கையெழுத்து. ஆறு வங்காளி. ஏழாவது தமிழ். பரமசிவம் என்று எழுத்துக் கூட்டாமலே படித்தேன். அச்சடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தட்டில் அடுக்கிய அதிரசம் போல உருண்டையாக, வரிசையாக. அருக்காணி அதன் மேல் விரலை வைத்து அப்படியே நின்றாள்.

எனக்கு உள்ளே என்னவோ நெருடியது. பல்லில் நார் மாட்டினது மாதிரி. நாக்கை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. வெளியே போய்ப் பீடி பற்றவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாகலட்சுமி காகித உறையோடு வந்தாள். அருக்காணி வரவில்லை.

"எங்க அவ?"

"தலைவலிக்குது, போறேன்னா. அனுப்பிட்டேன். நாம எங்க, நாளைக்கு நம்ம பக்கம் ஆஜராகற வக்கீல் ராஜாராமன் வீட்டுக்குத்தானே?"

"முதல்ல சுந்தரராஜன் சார்கிட்ட. அவரு கம்பெனிக்குள்ளேயே அந்த இன்ஜினியர் பண்ணின மோசடியைச் சொல்லி, கேசையே திருப்பிருவாரு. எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே அவருதான். பரமசிவம் நம்ம ஆளு, உண்மை என்னன்னு பாருங்கன்னு சொல்லித்தான் கொடுத்தாரு."

"கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தியா?"

"ஊர்ல ஒருத்தனையாவது நம்பணும் நாகு."

"நம்புங்க. நானும் கூட வர்றேன்," என்றாள்.

கம்பெனி ஆபீஸ் சௌரங்கியில் மூன்றாவது மாடி. சுந்தரராஜன் விளம்பர மானேஜர். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் சிரிக்கிற கண். மேஜைக்குப் பின்னால் மெட்ராசிலிருந்து வரவழைத்த தினசரிக் காலண்டர், பெருமாள் படம் போட்டது. தட்டில் பிஸ்கட் வைத்து டீ வரவழைத்தார்.

"உக்காருங்க சிதம்பரம். நீங்களும் உக்காரும்மா. மெக்கானிக் பண்ணின தப்பு என்னன்னு கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"அவன் தப்பு இல்ல சார். உங்களை ஏமாத்திட்டாங்க," என்று ஆரம்பித்து மளமளவென்று கொட்டினேன். தேதி, பூஜை, ஹாரு சொன்னது, படம். ஹாருவின் பெயரை மட்டும் நாகலட்சுமி என் காலை மிதித்ததால் சொல்லவில்லை.

அவர் முகம் மாறவில்லை. "விஸ்வகர்மா பூஜையா? அது எப்ப வருதுன்னு யார் பாத்தா? ஆயுத பூஜைன்னா நமக்கு நவராத்திரியிலதானே." படத்தை வாங்கினார். முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு கையெழுத்து இல்லை.

நான் நாகலட்சுமியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரராஜன் படத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "நானே கம்பெனி வக்கீல்கிட்டக் கொடுத்துடறேன். தேதி ஒரு சின்ன விஷயம் சிதம்பரம். இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க. புரட்டாசி முதல் சனிக்கிழமை, நல்ல நாளாச்சேன்னு போட்டிருப்பாங்க."

நாகலட்சுமி மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினாள்.

"யாரு சார்? அந்த சர்க்கார் இன்ஜினியர் பானர்ஜியா புரட்டாசி சனிக்கிழமை பாத்துப் போட்டாரு?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அவர் தலைக்குப் பின்னால் காலண்டரில் பெருமாள் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலண்டரில் புரட்டாசி இருக்கும், சனிக்கிழமை இருக்கும், நல்ல நேரம் இருக்கும். விஸ்வகர்மா பூஜை இருக்காது. அது மெட்ராஸ் காலண்டர்.

"திறக்கிறதுக்கு நாப்பத்தஞ்சு நாள் முந்தியே சோதனை முடிஞ்சிருக்கணும்னு இலாகா ரூல் இருக்கு சார்," என்றாள் நாகலட்சுமி. "கட்டுல அந்தத் தாளும் வச்சிருந்தீங்க. நவம்பர் ஒண்ணுலேர்ந்து பின்னால நாப்பத்தஞ்சு நாள் எண்ணினா சரியா அங்க வந்து நிக்கும். பெருமாளே எண்ணிக் குடுத்த மாதிரி."

மேஜை மேல் விரிந்து கிடந்த கோப்பில் அந்தச் சர்டிபிகேட்டின் அசல் இருந்தது. நீல மை. இழுத்து என் பக்கம் திருப்பினேன். இங்கிலீஷ் எறும்புகள். கீழே தமிழில் பரமசிவம். கோணலாக, நடுங்கி, ஒரு எழுத்து மேலேறி ஒரு எழுத்து கீழே சரிந்து.

ஸ்டுடியோவில் பார்த்த அதிரசம் ஞாபகம் வந்தது. பல்லில் மாட்டின நார் வெளியே வந்தது.

இந்தக் கோணலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எழுதும்போதே பார்த்தேன். லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பரமசிவம். வலது கை முழங்கை வரை கட்டு. "இடது கையில போடறேனுங்கண்ணா, கோணலா வரும், பரவால்லீங்களா?" என்று கேட்டான். "பரவால்ல, ஜாமீன் மனுதான, போடு," என்றேன். கம்பிக்குள் தாளை நீட்டி, அடியில் அட்டை வைத்துப் பிடித்ததும் நான். அவன் என்ன தாள் என்று கேட்கவில்லை. நான் கொண்டுவந்த தாள் என்பதே அவனுக்குப் போதும்.

"இது ஜாமீன் மனு இல்லியா சார்?" என்றேன்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

சுந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்தக் கண் சிரிக்கவில்லை. "மந்திரி தேதி கொடுத்துட்டாரு சிதம்பரம். பட்டாசு இறங்கியாச்சு. ஊர் பூரா போஸ்டர். ஒரு ராட்டினத்துக்காக எல்லாத்தையும் தள்ளிப் போட முடியுமா? தள்ளிப் போடுன்னு நான் மேல சொல்லியிருந்தா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பாப்பாவுக்குத் தை மாசம் கல்யாணம்."

"அவளுக்கு என் மடியில காது குத்தினீங்க."

"நான் மறக்கல."

"அப்புறம் ஏன் சார் என்னைப் பிடிச்சீங்க? கையெழுத்து வாங்க உங்க ஆபீஸ்ல ஆளா இல்ல?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார். வருத்தத்தோடு சொன்ன மாதிரிதான் இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

"வேற யார் போனாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். வேற யார்கிட்டக் கொடுத்தாலும் படிச்சுப் பாத்திருப்பாங்க."

ரயில்வேயில் திருடன் கத்தியால் குத்தியிருக்கிறான், இடது விலாவில். தழும்பு இருக்கிறது. அப்போது இவ்வளவு வலிக்கவில்லை. திருடன் என்னைத் தேர்ந்தெடுத்துக் குத்தவில்லை.

எழுந்தேன். அவரும் எழுந்தார். குரல் ஆபீஸ் குரலாக மாறியது.

"யோசிச்சுச் செய்யுங்க. அந்தத் தாளை லாக்கப்புக்குக் கொண்டுபோனது நீங்க. ஸ்டேஷன் டைரியில உங்க பேரு இருக்கு, என் பேரு இல்ல. நாளைக்கு நீங்க வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீங்கதான். போட்டோவும் இப்ப உங்ககிட்ட இல்ல."

"ஆமா, இல்ல," என்றாள் நாகலட்சுமி. "அசல் படம் மத்தியானமே வக்கீல் ராஜாராமன் வீட்டுக்குப் போயிருச்சு. பின்பக்கம் ஏழு கையெழுத்தோட. அருக்காணிக்குத் தலைவலி, அதனால வேகமா நடந்து போயிருப்பா. நீங்க பூட்டி வச்சிருக்கறது ஸ்டுடியோக்காரர் குடுத்த இன்னொரு காப்பி சார். நல்லா வச்சுக்குங்க. சாமி படம்."

ஒரு பிஸ்கட்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கடித்துப் பார்த்துவிட்டு, "நமத்துப் போச்சு," என்றாள்.

கீழே இறங்கி டிராமில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மைதானத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எஸ்பிளனேடில் ஒரு சுவரில் பூங்காத் திறப்பு விழாப் போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. வாணம் மட்டும் மிச்சம் இருந்தது.

"உனக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?" என்றேன்.

"ஜாமீன் பேப்பர் குடுத்து அஞ்சு நாளாச்சு, ஜாமீன் வரல. அன்னைக்கே. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. காது குத்துன கதையைச் சொல்லுவீங்க."

கேட்டிருக்க மாட்டேன்தான்.

"அண்ணாச்சி," என்று குரலை இறக்கினாள். "போட்டோ ஒண்ணே போதும். அன்னைக்கு ராட்டினம் நிக்கலங்கறது அதுல தெரிஞ்சுரும். நீங்க கோர்ட்ல ஏறவே வேண்டாம். சார் சொன்னது வெறும் மிரட்டல் இல்ல. உள்ள தள்ளிருவாங்க."

"போட்டோ பொய்த் தேதின்னு சொல்லும். கையெழுத்து அவனோடதுதானேம்பாங்க. பொய்யில இவனும் கூட்டுன்னு இன்னொரு கேஸ் போடுவாங்க. அவன் எப்ப போட்டான், எந்தக் கையில போட்டான், என்ன சொல்லி வாங்கினாங்கன்னு தெரிஞ்ச ஆளு மூணு பேரு. ஒருத்தன் லாக்கப்புல. ஒருத்தரு சௌரங்கியில. மிச்சம் யாரு?"

அவள் கைப்பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்தாள்.

"இங்கிலீஷ்ல எழுதட்டுமா?"

"தமிழ்ல எழுது. கோர்ட்டுக்கு வக்கீல் மாத்திக்கட்டும்."

காளிகாட் வருகிற வரைக்கும் சொன்னேன். என் பெயர் சிதம்பரம். ரயில்வே காவல் படை, ரிட்டயர். நவம்பர் மூன்றாம் தேதி நான் ஒரு தாளை லாக்கப்புக்குக் கொண்டுபோனேன். அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஜாமீன் மனு என்று பரமசிவத்திடம் நான் பொய் சொன்னேன், பொய் என்று தெரியாமல் சொன்னேன். அந்த இடத்தில் நாகலட்சுமி பேனாவை நிறுத்தினாள். "எழுது," என்றேன்.

முடித்ததும் நோட்டை நீட்டினாள். "அடியில கையெழுத்துப் போடுங்க."

"இரு."

நோட்டை மடியில் வைத்து, முதல் எழுத்தில் விரலை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இரண்டு பக்கம். நாங்கள் இறங்க வேண்டிய இடம் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. கண்டக்டர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். நாகலட்சுமி அவசரப்படுத்தவில்லை.

படித்து முடித்துப் பேனாவைக் கேட்டேன்.

"டிராம் குலுங்குது அண்ணாச்சி. கோணலா வரும்."

"வரட்டும்," என்றேன். "வலது கையிலதான் போட்டேன்னு நீ சாட்சி."